மிடி ஸீ: லாஷியோவிலிருந்து வந்த இயக்குநர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் திரைப்படச் சங்கத்தில் மிடி ஸீயின் படம் போடும்போதெல்லாம், விளக்கைப் போட்டதும் அதே கேள்விகள்தான் வருகின்றன. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பவர்களும் உண்டு. நின்றபடி அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட எழுதிவைப்பது மேல் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். சில கேள்விகள் கதையைப் போட்டு உடைப்பவை. அந்த இடங்களில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

யாருங்க இந்த மிடி ஸீ? பேரே ஒரு மாதிரி இருக்கே?

மியான்மரின் வடக்கே, ஷான் மாநிலத்து லாஷியோ நகரில் 1982இல் பிறந்தவர். சீனப் பெயர் ஜாவோ தெயின். படங்களில் போட்டுக்கொள்ளும் பெயர் மிடி ஸீ. பதினாறு வயதில் தைவானுக்குப் படிக்கப் போனவர், அங்கேயே தங்கி இயக்குநரானார். 2011இல் முதல் முழுநீளப் படம் வந்தது. அதற்குப் பிறகு கதைப்படங்களும் ஆவணப்படங்களுமாக மாறி மாறி எடுத்து வருகிறார். பெர்லின், வெனிஸ், கான் என்று மூன்று பெரிய விழாக்களுக்கும் அவர் படங்கள் போயிருக்கின்றன.

பர்மாக்காரர்னு சொல்றீங்க, படத்துல எல்லாரும் சீன மொழி பேசுறாங்களே?

பர்மா என்றதும் நமக்கு ரங்கூன், மோல்மீன், தேக்கு, 1960களில் கப்பலேறித் திரும்பி வந்தவர்கள் என்றுதான் மனம் ஓடும். லாஷியோ அந்தப் பக்கமே இல்லை. மாண்டலேயிலிருந்து வடகிழக்கே மலையேறிப் போக வேண்டும். ரயில் பாதை அங்கே முடிந்துவிடுகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பேசப்பட்ட பர்மா சாலை அங்கே தொடங்கித்தான் சீனாவின் குன்மிங் வரை போனது. எல்லைக்கு அந்தப் பக்கம் யுன்னான் மாகாணம். வணிகத்துக்கு வந்தவர்கள், 1949இல் சீனாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த பிறகு தப்பி வந்தவர்கள் என்று யுன்னான் சீனர்கள் அந்த வட்டாரத்தில் நிறையப் பேர். படங்களில் நீங்கள் கேட்பது பெரும்பாலும் அவர்களுடைய யுன்னான் பேச்சு. அரசு அலுவலகம், காவல்துறை என்று வரும்போது பர்மிய மொழி தலைகாட்டும்.

இவர் பிறந்த அதே 1982இல்தான் பர்மாவின் குடியுரிமைச் சட்டமும் வந்தது. நாட்டின் பூர்வ இனங்கள் என்று அரசு ஏற்றுக்கொண்ட இனத்தவருக்கே முழுக் குடியுரிமை எளிதில் கிடைக்கும், மற்றவர்கள் காகிதங்களோடு அலைய வேண்டும் என்ற நிலையை உண்டாக்கிய சட்டம் அது. சீன வம்சாவளியினருக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் இது நன்றாகத் தெரியும். இவர் படங்களில் அடையாள அட்டை ஏன் இவ்வளவு பெரிய விஷயமாக வருகிறது என்று பின்னால் ஒரு கேள்வி வரும். அதற்கு இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தைவானுக்கு எப்படிப் போனார்? வசதியான வீடா?

இல்லை, ஏழைக் குடும்பம். வெளிநாடுகளில் வாழும் சீன வம்சாவளிப் பிள்ளைகளைத் தைவான் படிக்க அழைத்துக்கொள்வது வழக்கம். அந்த வாசல் வழியாக 1998இல் போனார். தைச்சுங் நகரத் தொழிற்பள்ளியில் அச்சுத் தொழில் படித்தார். பிறகு தைவான் தேசிய அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்பு, அதிலேயே முதுகலை. சினிமாவைப் பாடமாக எடுத்துப் படித்தவர் இல்லை. 2006இல் எடுத்த ஒரு குறும்படம் விழாக்களுக்குப் போன பிறகுதான் பாதை இந்தப் பக்கம் திரும்பியது.

ஹௌ சியாவ்-சியெனோட சிஷ்யர்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. தைவானின் கோல்டன் ஹார்ஸ் திரைப்பட விருதுக்காரர்கள் 2009இல் இளம் இயக்குநர்களுக்காக ஒரு பயிற்சிப் பட்டறை தொடங்கினார்கள். அதை நடத்தியவர் தைவானின் புகழ்பெற்ற மூத்த இயக்குநர் ஹௌ சியாவ்-சியென். முதல் ஆண்டே தேர்வானவர்களில் மிடி ஸீயும் ஒருவர். அங்கே அவர் எடுத்த குறும்படம் ஹுவாஸின் தெருவைப் பற்றியது. தைப்பேயை ஒட்டிய சோங்ஹே பகுதியில், பர்மாவிலிருந்து வந்த சீனர்கள் கடை போட்டு வாழும் தெரு அது.

தள்ளி நின்று பார்க்கும் கேமராவை குருவிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று சொல்லலாம். ஆனால் ஹௌ சியாவ்-சியெனின் படங்களில் பழைய காலத்தின் ஏக்கம் ஒன்று கசிந்துகொண்டே இருக்கும். மிடி ஸீக்கு ஏக்கப்பட நேரமில்லை. அவருடைய ஆட்கள் இன்றைய கூலியையும் நாளைய வண்டிச் சத்தத்தையும் பற்றித்தான் பேசுவார்கள்.

முதல் படத்தை அனுமதியே வாங்காம எடுத்தாராமே, நிஜமா?

நிஜம்தான். 'ரிட்டர்ன் டு பர்மா' என்ற அந்தப் படம் 2011இல் பூசான் விழாவுக்கும், 2012இல் ராட்டர்டாம் விழாவின் போட்டிப் பிரிவுக்கும் போனது. எடுக்கப்பட்டது 2010 நவம்பர் தேர்தலை ஒட்டிய காலத்தில். இராணுவ ஆட்சி, தணிக்கை, கேமராவைத் தூக்கினாலே சந்தேகம். அனுமதி கேட்டால் கதை, வசனம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்காமலே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு, சிறிய டிஜிட்டல் கேமராவில், ஊர்க்காரர்களையே நடிக்க வைத்து எடுத்துவிட்டார்.

கதை ரொம்பச் சின்னது. தைவானில் கட்டட வேலை பார்த்த ஒருவன், அங்கே இறந்துபோன நண்பனின் அஸ்தியை எடுத்துக்கொண்டு லாஷியோ திரும்புகிறான். பார்க்கிறவர்கள் எல்லாரும் அவனிடம் கேட்பது ஒன்றுதான்: அங்கே மாசம் எவ்வளவு கிடைக்கும்? அவன் இங்கே என்ன தொழில் செய்யலாம் என்று விசாரிக்கிறான். அவர்கள் அங்கே எப்படிப் போகலாம் என்று விசாரிக்கிறார்கள். தேர்தல் நேரத்து நம்பிக்கைப் பாட்டு ஒரு பக்கம் ஒலித்துக்கொண்டிருக்கும். படத்துக்குள் யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை. அரசியல் பேசாமலே அரசியல் படம் எடுப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? ஒரே ஒரு படம்தான் பார்ப்பேன்னா?

'ஐஸ் பாய்சன்', 2014. பெர்லின் விழாவின் பனோரமா பிரிவில் திரையிடப்பட்டது, எடின்பரோ விழாவில் சிறந்த சர்வதேசப் படத்துக்கான பரிசு வாங்கியது, தைவான் தன் சார்பில் ஆஸ்காருக்கு அனுப்பிய படம். இவருடைய படங்களில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். பின்னால் வந்தவை பளபளப்பாக இருக்கலாம், இந்த இறுக்கம் அவற்றில் இல்லை.

காய்கறி விளைவிக்கும் அப்பாவும் மகனும். விளைச்சலுக்கு விலையில்லை. முதலில் சொந்தக்காரர் வீடு வீடாகப் போய்க் கடன் கேட்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தேநீர் வருகிறது, நலம் விசாரிப்பு வருகிறது, அவரவர் கஷ்டக் கதை வருகிறது, பணம் மட்டும் வருவதில்லை. கடைசியில் ஒருவரிடம் மாட்டை அடகு வைத்து அவருடைய மோட்டார் சைக்கிளை வாங்குகிறார்கள். பணம் திரும்பாவிட்டால் மாட்டை என்ன செய்வது என்ற பேச்சு நிதானமாக, சண்டையே இல்லாமல் நடக்கிறது. அப்பா குரலை உயர்த்துவதில்லை, கடன் கொடுப்பவரும் கெட்டவர் இல்லை. மகன் அந்த வண்டியோடு பேருந்து நிலையத்தில் ஆள் பிடிக்க நிற்கிறான். பேருந்து வந்ததும் பத்துப் பேர் பாய்கிறார்கள், இவனுக்குச் சவாரி கிடைப்பதில்லை.

அப்புறம்தான் சான்மெய் வருகிறாள். சீனாவில் தனக்குப் பிடிக்காத ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டவள், தாத்தாவின் சாவுக்காக ஊருக்கு வந்தவள். குழந்தையை அங்கிருந்து மீட்டுக்கொள்ளப் பணம் வேண்டும். அவளுக்கு ஐஸ் என்கிற போதைப்பொருளைக் கைமாற்றிவிடும் வேலை கிடைக்கிறது. அவளுக்கு வண்டி வேண்டும், இவனுக்குச் சவாரி வேண்டும். முடிவைச் சொல்லமாட்டேன். மாட்டை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

கேமரா ஏன் அசையவே மாட்டேங்குது? எனக்குத் தூக்கம் வருது.

முதல் காரணம் கைச்செலவு. மேலே சொன்னதுபோல அனுமதியில்லாமல், நாலைந்து பேரோடு எடுப்பவர் ஒரே காட்சியைப் பத்துக் கோணத்தில் எடுக்க முடியாது. கேமராவை ஓரமாக வைத்துவிட்டு, நடப்பதை நடக்கவிட வேண்டியதுதான். நிஜமான பேருந்து நிலையத்தில் நிஜமான கூட்டத்துக்கு நடுவே நடிகரை நிறுத்தினால், கூட்டம் கேமராவைக் கவனிக்காமல் இருப்பதே பெரிய விஷயம்.

இரண்டாவது காரணம் எனக்குத் தோன்றுவது. அவருடைய முக்கியக் காட்சிகள் எல்லாம் பேரம் பேசும் காட்சிகள். ஒருவர் விலை சொல்ல, இன்னொருவர் யோசிக்க, நடுவில் ஒரு மௌனம். அந்த மௌனத்தை வெட்டினால் காட்சியே போச்சு. சந்தையில் ஆடு மாடு விலை பேசுவதைப் பொறுமையாக நின்று வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள் என்றால் இந்தப் படங்களையும் பார்த்துவிடலாம். அப்படியும் தூக்கம் வந்தால் 'நினா வூ'வை முயலுங்கள், அதில் கேமரா ஓடும்.

எல்லாப் படத்துலயும் அதே ஆள், அதே பொண்ணு. வேற நடிகர் கிடைக்கலையா?

ஆண் வாங் ஷின்-ஹோங், பெண் வூ கே-ஷி. வாங் பர்மாவிலிருந்து வந்த சீனர், மிடி ஸீயின் நண்பர். முதல் படத்தில் அஸ்தியோடு திரும்புகிறவரும் 'ஐஸ் பாய்சன்' மகனும் இவர்தான். வூ கே-ஷி தைவான்காரர். யுன்னான் பேச்சைப் புதிதாகக் கற்றுக்கொண்டு நடித்தார். அவர் அந்த வட்டாரத்துப் பெண் இல்லை என்பதைச் சங்கத்தில் பலர் நம்பவே மாட்டேன் என்கிறார்கள்.

வாங் ஓர் ஆவணப்படத்திலும் வருகிறார், அவராகவே. '14 ஆப்பிள்ஸ்', 2018. தூக்கம் வராமல் தவிக்கும் அவரிடம் ஒரு ஜோசியர், பதினான்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு கிராமத்து மடத்துக்குப் போ, மொட்டையடித்துத் துறவியாக இரு, தினம் ஒரு ஆப்பிள் சாப்பிடு என்கிறார். அவரும் போகிறார். நகரத்து ஆள் காவி கட்டியதும் கிராமத்தார் வந்து காலில் விழுந்து குறை சொல்கிறார்கள். கிராமத்துப் பெண்கள் தலையில் தண்ணீர் சுமந்து நடந்துகொண்டே இருக்கும் நீண்ட காட்சி ஒன்று உண்டு. இவருடைய படங்களில் சிரிப்பு வரும் படம் இது ஒன்றுதான்.

'ரோட் டு மாண்டலே'ல யாருமே மாண்டலே போகலையே?

போகவில்லைதான். ஆங்கிலேயர் காலத்தில் கிப்ளிங் எழுதிய கவிதையால் உலகமெங்கும் ஒட்டிக்கொண்ட தொடர் அது. கீழ்த்திசைக்குத் திரும்ப ஏங்கும் சிப்பாயின் பாட்டு. 2016இல் வந்த இந்தப் படத்தில் பயணம் நேர் எதிர்த்திசையில், தாய்லாந்துக்கு, காகிதமில்லாமல்.

முதல் காட்சிகளிலேயே முழுப் படமும் இருக்கிறது. கள்ளத்தனமாக எல்லை கடத்தும் வண்டியில் முன் இருக்கைக்கு ஒரு விலை, பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் ஒடுங்கிக்கொள்ள வேறு விலை. முன் இருக்கைக்குப் பணம் கட்டிய குவோ, லியான்சிங் என்ற பெண்ணுக்கு அதை விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்கிறான். காதல் அங்கே தொடங்குகிறது, கடனும் அங்கேயே தொடங்குகிறது. அவன் தாய்லாந்தில் காசு சேர்த்து ஊர் திரும்பிக் கடை போட நினைக்கிறான். அவளுக்கு அடையாள அட்டை வேண்டும், எப்படியாவது மேலே போக வேண்டும். ஆலையில் அவளுக்குப் பெயர் போய் ஓர் எண் வந்துவிடுகிறது. லஞ்சம் கொடுத்து வாங்கப் பார்க்கும் அந்த அட்டைதான் படத்தின் மூன்றாவது பாத்திரம். குடியுரிமைச் சட்டம் பற்றி மேலே சொன்னதை இங்கே பொருத்திக்கொள்ளுங்கள். வெனிஸில் 'வெனிஸ் டேஸ்' பிரிவில் விமர்சகர் அமைப்பு ஒன்றின் பரிசு இதற்குக் கிடைத்தது. அதே ஆண்டு கோல்டன் ஹார்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த தைவான் திரைக்கலைஞர் என்ற விருதும் மிடி ஸீக்கு வந்தது.

அந்த உடும்பு சீன் எதுக்கு? திடீர்னு பேய்ப்படம் மாதிரி ஆயிடுச்சே?

பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிவிடுங்கள். அட்டைக்குப் பணம் புரட்ட லியான்சிங் உடலை விற்கத் துணியும் இடம் அது. அறைக்குள் ஆணைக் காட்டாமல் ஊர்ந்து வரும் பெரிய உடும்பைக் காட்டுகிறார். பாங்காக்கின் வாய்க்கால்களில் நீருடும்புகள் சாதாரணமாகத் திரியும், ஆகவே ஒரேயடியாக வானத்திலிருந்து குதித்த உருவம் இல்லை. அவள் உடம்பை ஒரு நொடிகூட வேடிக்கைப் பொருளாக்காமல் அருவருப்பை நமக்குள் இறக்கிவிடுகிறார் என்பதால் எனக்கு அந்தக் காட்சி சரி. அதுவரை ஆவணப்படம்போலப் போன படத்துக்குள் அது ஒட்டவில்லை என்று வாதாடும் நண்பர்களும் இருக்கிறார்கள். முடிவின் வன்முறையை மிகை என்பவர்களுக்கு ஒரு தகவல்: கதை ஓர் உண்மைச் சம்பவத்தை ஒட்டியது.

சொந்த அண்ணனைப் பத்தியே படம் எடுத்தாராமே?

'சிட்டி ஆஃப் ஜேட்', 2016, பெர்லினில் திரையிடப்பட்ட ஆவணப்படம். வடக்கே கச்சின் மாநிலத்தில் ஃபாகாந்த் என்ற இடம் பச்சை மரகதக்கல் போன்ற ஜேடுக்குப் பேர்போனது. 2011இல் அங்கே இராணுவத்துக்கும் கச்சின் இனத்தவரின் கிளர்ச்சிப் படைக்கும் இடையிலான பதினேழு வருடப் போர்நிறுத்தம் முறிந்தது. பெரிய நிறுவனங்கள் இயந்திரங்களை நிறுத்திவிட்டு வெளியேற, கையில் கடப்பாரையோடு ஏழைகள் உள்ளே புகுந்தார்கள். ஒரே ஒரு நல்ல கல் கிடைத்தால் போதும் என்ற கணக்கு. அவர்களில் ஒருவர் இயக்குநரின் மூத்த அண்ணன். சிறு வயதிலேயே வீட்டை விட்டுப் போனவர், அபினுக்கு அடிமையானவர்.

தம்பியின் குரலே படத்தின் பின்னணிக் குரல். கேமரா வைத்திருப்பவர் விசாரிக்க வந்த தம்பியா, படமெடுக்க வந்த ஆளா என்ற சங்கடத்தை அவர் மறைப்பதில்லை. கதைப்படங்களில் இல்லாத ஒரு நடுக்கம் இதில் இருக்கிறது. சுரங்க வேலையை மட்டும் பார்க்க விரும்பினால் 2015இல் வந்த 'ஜேட் மைனர்ஸ்' உண்டு.

'நினா வூ' இவர் படம் மாதிரியே இல்லையே?

2019, கானில் 'அன் சர்டன் ரிகார்ட்' பிரிவு. கதை முதலில் வூ கே-ஷியுடையது, திரைக்கதையை இருவரும் சேர்ந்து எழுதினார்கள். ஹாலிவுட் தயாரிப்பாளர் வைன்ஸ்டீன் மீது பெண்கள் பாலியல் குற்றம் சாட்டிய சமயத்தில் பிறந்த கதை. வாய்ப்புக்காக ஒரு நடிகை என்னென்ன அவமானங்களைத் தாங்கினாள், அது அவள் புத்தியை எப்படிக் கலைத்தது என்று போகிறது. பர்மாவும் இல்லை, கூலி ஆட்களும் இல்லை, சிவப்பு விளக்கும் கனவும் நிறைய.

வேலை கிடைக்க ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற விஷயம் மட்டும் பழையதுதான். எனக்கு முழுமையாகப் பிடிக்கவில்லை. வூ கே-ஷியின் நடிப்புக்காகப் பார்க்கலாம்.

வறுமை, போதை, கடத்தல்னு நாட்டோட அசிங்கத்தைக் காட்டி வெளிநாட்டுல பரிசு வாங்குறார்னு சொன்னா?

நம்மூரில் சத்யஜித் ராய்க்கே சொன்ன குற்றச்சாட்டு இது. விழாக்களுக்கு ஏழை நாட்டுத் துயரம் பிடிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இவர் படங்களில் அழுகை இசை இல்லை, பரிதாபப்படச் சொல்லும் முகங்கள் இல்லை. அவர்கள் கணக்குப் போடுகிறார்கள், பொய் சொல்கிறார்கள், ஏமாற்றவும் செய்கிறார்கள். வடக்கு ஷானின் போதைப்பொருள் வியாபாரம் உலகறிந்த விஷயம். அதைச் செய்தியில் எண்களாகப் பார்க்கிறோம், அவர் அடகு வைத்த மாட்டிலிருந்து தொடங்குகிறார்.

பர்மாவில் வேற இயக்குநர்களே இல்லையா?

நிறைய இருக்கிறார்கள். 1920இல் ஓன் மாங் எடுத்த மௌனப் படத்திலிருந்து அங்கே நூறாண்டுச் சினிமா இருக்கிறது. 1952 முதல் அவர்களுக்கென்று அகாடமி விருதுகளும் உண்டு. மிடி ஸீ அந்தப் பட உலகத்திலிருந்து வந்தவரே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உள்ளே இருந்து எடுப்பவர்கள் கொடுக்கும் விலை வேறு. மனித உரிமைத் திரைப்பட விழா நடத்திய மின் டின் கோ கோ ஜீ, முகநூலில் இராணுவத்தை விமர்சித்ததற்காக 2019இல் சிறைக்குப் போனார், அதுவும் ஈரல் புற்றுநோயோடு. 2021இல் இராணுவம் நடத்திய ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு பெயர் போடாமலே இயக்குநர்கள் சிலர் கூட்டாக எடுத்த 'மியான்மர் டைரீஸ்' 2022இல் பெர்லினில் ஆவணப்பட விருது வாங்கியது. தெ மோ நைங், ஆடைத் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்தைப் பற்றி எடுத்த படம் 2024இல் பூசானில் பரிசு பெற்றது. மிடி ஸீ பிடித்திருந்தால் அடுத்து இவரைத் தேடுங்கள்.

தைவான் ஆஸ்காருக்கு அனுப்புது, கடைசி படம் சீனாவுல. அப்போ எந்த நாட்டு இயக்குநர்?

பிறப்பு, மொழி, படிப்பு மூன்றும் மூன்று இடம் என்று முதல் மூன்று பதில்களிலேயே வந்துவிட்டது. 2024இல் சீன நட்சத்திரம் ஜாவோ லியிங்கை வைத்து எடுத்த 'தி அன்சீன் சிஸ்டர்' டோக்கியோ விழாவின் போட்டியில் இருந்தது. சீன எழுத்தாளர் ஜாங் யுவேரனின் குறுநாவலைத் தழுவியது. புகழ்பெற்ற நடிகையைத் தேடி அவளுடைய அக்கா பர்மாவிலிருந்து வருகிறாள், பழைய ரகசியம் ஒன்று கிளறப்படுகிறது. பணம் கொட்டி எடுத்த வணிகப் படத்துக்குள்ளும் பர்மாவைக் கொண்டுவந்துவிட்டார் பாருங்கள். நான் பட்டியலில் பர்மிய இயக்குநர் என்று போடுகிறேன். தைவான் இயக்குநர் என்று திருத்துபவர்களோடு சண்டை போடுவதில்லை.

2021க்கு அப்புறம் பர்மாவுல ஏதாவது எடுத்தாரா?

2023இல் ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவில் 'தி கிளினிக்' திரையிடப்பட்டது. யாங்கோனில் சின்ன மருத்துவமனை நடத்தும் மருத்துவத் தம்பதியைப் பற்றியது. இருவருக்கும் ஓவியமும் சினிமாவும் உண்டு. லாஷியோ நிலைமை வேறு மாதிரி. 2024 ஆகஸ்டில் இராணுவத்தை எதிர்த்துப் போரிடும் கோகாங் இனப் படை அந்த நகரத்தைப் பிடித்தது, 2025 ஏப்ரலில் சீனாவின் தலையீட்டால் திரும்ப இராணுவத்திடம் போனது. 2010இல் சின்னக் கேமராவோடு சுற்றிய தெருக்களில் இப்போது அப்படிச் சுற்ற முடியாது.

வீட்ல பிள்ளைங்களோட பார்க்கலாமா?

'14 ஆப்பிள்ஸ்' தாராளமாக. 'ரிட்டர்ன் டு பர்மா'வில் ஆபாசமோ வன்முறையோ இல்லை, பிள்ளைகள் சீக்கிரமே எழுந்து போய்விடுவார்கள், அவ்வளவுதான். 'ஐஸ் பாய்சன்', 'ரோட் டு மாண்டலே', 'நினா வூ' மூன்றும் பெரியவர்களுக்கு. 'ஐஸ் பாய்சன்' படத்தில் விலங்கை வெட்டும் காட்சி உண்டு, அது நடிப்பு இல்லை.